பொசைடன் முதுகில் ஓர் ஒட்டு

எங்கள் சிக்கியோன் ஊரில் தெய்வங்களிடம் கொஞ்சமும் பயமில்லாமல் வாழ்ந்த மனிதன் ஒருவன் உண்டென்றால், அது வெண்கலப் பட்டறை எர்கினோஸ்தான். அதற்காக அவனை நாத்திகன் என்று சொல்லிவிட முடியாது. பலிகொடுத்த மாட்டின் கறியைப் பங்கு போடும்போது முதல் ஆளாய் நிற்பான். ஆனால் ஊரே சிலைக்கு முன்னால் கையை உயர்த்தி வேண்டிக்கொண்டிருக்கும்போது, இவன் மட்டும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சாமியின் தோள்பட்டையை முறைத்துக்கொண்டிருப்பான்.

"என்னய்யா அப்பிடிப் பாக்குற?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், "பொருத்து தெரியுது பாரு. அரம் போட்டவன் சரியான சோம்பேறி" என்பான்.

கோவிலுக்குள் நின்று பேசுகிற பேச்சா இது என்று கடிந்துகொண்டால் அதற்கும் பதில் வைத்திருந்தான். "நீங்கல்லாம் சாமிய வெளியிலருந்து பாத்தவங்க. நான் உள்ளருந்து பாத்தவன். எல்லாம் பொள்ளலு, வெறும் கூடு. கொஞ்சம் மண்ணு, நாலு ஆணி, செத்த பூச்சி. அவ்வளவுதான்."

அவன் தொழில் ஒட்டுப்போடுவது. எவ்வளவு பெரிய கைகாரன் வார்த்தாலும் வெண்கலச் சிலை பழுதில்லாமல் வெளியே வருவதில்லை. எங்காவது காற்றுக் குமிழ் நின்று குழி விழுந்திருக்கும். அச்சைத் தாங்கிய ஆணியைப் பிடுங்கிய இடம் ஓட்டையாய் இருக்கும். அந்த இடத்தை எர்கினோஸ் உளியால் கட்டமாகச் செதுக்குவான். அதே அளவுக்கு ஒரு வெண்கலத் துண்டை வெட்டி, குழிக்குள் வைத்து அடித்து, அரம் போட்டுத் தேய்ப்பான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை அதன்மேல் ஓட்டுவான். நகம் தடுக்கினால் மறுபடியும் அரம். தனித்தனியாக வார்த்த தலையையும் கையையும் உடம்பையும், உருக்கிய வெண்கலம் ஊற்றி ஒன்றாகப் பொருத்துகிறவனும் அவன்தான்.

அதில்தான் அவனுடைய கர்வமெல்லாம் இருந்தது. மதுக்கடையில் இரண்டாவது கிண்ணம் உள்ளே போனதும் தாடியை நீவிக்கொண்டு ஆரம்பித்துவிடுவான். "கொரிந்துக்காரன்கிட்ட கேளு, ஆர்கோஸ்காரன்கிட்ட கேளு. எர்கினோஸ் போட்ட பொருத்து விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், இந்தத் தாடிய எடுத்துடறேன்!" தாடியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நெஞ்சு வரைக்கும் வரும், உலைப்பொறி பட்டு அங்கங்கே பொசுங்கியிருக்கும்.

அவன் அப்பா செருப்புத் தைப்பவர். எங்கள் ஊர்ச் செருப்பென்றால் ஏதென்ஸ் பெண்கள்கூடக் கேட்டு வாங்குவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும் இவன் கையில் தோலைக் கொடுத்தால் கிழித்துவிட்டு வந்து நிற்பான். "தொரைக்குத் தோலு பத்தலயாம், வெண்கலந்தான் வேணுமாம்" என்று அவர் ஒரு நாள் பிடரியைப் பிடித்துப் பக்கத்துத் தெருப் பட்டறையில் தள்ளிவிட்டார். தள்ளிய இடத்திலேயே நின்றுகொண்டான். அங்கே துருத்தி அமுக்கிக்கொண்டிருந்த தொந்திக்காரன் மிக்கியோன் கூட்டாளியானான். மிக்கியோனுக்கு நிகாரெத்தா என்று ஓர் அக்கா இருந்தாள், கூட்டாளி மச்சானானான்.

நிகாரெத்தா பட்டறைக்கு வந்தது புருஷனுக்குச் சோறு கொண்டுவரத்தான். பார்லி அடையும் ஆலிவும் சுட்ட மத்தி மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் தின்று முடிக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் மெழுகுச் சட்டியில் கைவிட்டாள். மெழுகு சூடேறினால் ஓடிவிடும், ஆறினால் வெடித்துவிடும். இடையில் ஒரு பதம் இருக்கிறது. அது ஆண்பிள்ளைகளின் காய்ப்புக் கைகளுக்குப் பிடிபடவே பிடிபடாது. இவளுக்கு அது பிறவியிலேயே இருந்தது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சோறு இல்லாட்டியும் பரவாயில்ல, நீ வாம்மா" என்றார். அவள் வலதுகையில் மோதிர விரல் பாதிதான். சிறுமியாய் இருந்தபோது எண்ணெய்ச் செக்கில் போய்விட்டது. அந்தக் குறைவிரல் கையால்தான் எத்தனையோ தெய்வங்களுக்கு மெழுகு அப்பினாள்.

துறைமுகத்துப் பொசைடனை வார்த்த ஆண்டைப் பற்றி எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். கடலும் அவர் கையில், நிலநடுக்கமும் அவர் கையில். அவருக்குச் சிலை வைக்காத துறைமுகமும் ஒரு துறைமுகமா என்று ஊர் கூடி முடிவெடுத்தது. வீட்டுக்கு வீடு வெண்கலம் வந்து குவிந்தது. ஓட்டை அண்டா, நெளிந்த தலைக்கவசம், முகம் தெரியாத கண்ணாடி, கால் போன முக்காலி. ஒரு கிழவர் தன் இரண்டு மகன்களின் மார்க்கவசங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

முதலில் களிமண்ணில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு முழு உருவம். அதன்மேல் மண் அப்பித் துண்டு துண்டாக அச்சு எடுத்தார்கள். அந்த அச்சுகளின் உட்புறம் முழுக்க ஒரே கனத்தில் மெழுகு அப்ப வேண்டும்; மெழுகின் கனம் எதுவோ, அதுவே நாளைக்கு வெண்கலத்தின் கனம். சாமியின் முதுகு நிகாரெத்தா பங்குக்கு வந்தது.

"ஏய்யா, இங்க வந்து பாரேன்" என்று அவள் கூப்பிட்டாள். எர்கினோஸ் போய்ப் பார்த்தால், இடது தோளுக்குக் கீழே மெழுகில் உள்ளங்கையை முழுசாக அழுத்தி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "சாமிய முதுகுல தட்டிக் குடுத்தேன். பாவம், நம்ம ஊருல வந்து என்ன பாடு படப்போறாரோ!"

"அடியே, மெழுகு அங்க மெலிஞ்சுட்டா வெண்கலம் ஓடாது. ஓட்டை விழும். வழிச்சு விடு."

"உள்பக்கந்தான? யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"எவனும் பாக்க மாட்டான். ஆனா ஓட்டை விழும். வழிச்சு விடுடி!"

"சரி சரி, வழிக்கிறேன். கத்தாத, சாமி முழிச்சுக்கப்போறாரு." அவன் தன் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

மெழுகுக்கு உள்ளே மண்ணை ஊற்றி நிரப்பினார்கள். மண் விலகாதிருக்க வெளியிலிருந்து ஆணிகள் அடித்தார்கள். வெளியே ஆட்டுமயிரும் சாணமும் பிசைந்த களிமண்ணைக் கனமாகப் பூசி, இரண்டு பாதியாகப் பள்ளத்தில் தலைகீழாக இறக்கி நெருப்பு வைத்தார்கள். அடியில் இருந்த துளை வழியாக மெழுகு உருகி ஓட ஆரம்பித்தது. அத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் மஞ்சளாய் மண்ணில் போவதைப் பார்த்து நிகாரெத்தாவுக்குக் கண் கலங்கியது.

"ஓடுது பாரு என் வேலையெல்லாம்."

"ஓடுனாத்தான் அவரு வர எடம் இருக்கும்" என்றான் எர்கினோஸ். சாமியின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் அந்தச் சூட்டு மண்ணுக்குள்ளே காத்துக்கொண்டிருந்தது.

உலை பற்றவைத்தார்கள். வார்ப்பைக் கெடுக்கிற துர்த்தேவதைகள் நெருங்காதிருக்க, உலையின் மேல் கோரமான முகமூடிகளைத் தொங்கவிடுவது வழக்கம். "அதெல்லாம் எதுக்கு, நம்ம மிக்கியோன் அங்கயேதான நிக்கிறான்" என்று யாரோ சொல்ல, மிக்கியோனே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வெண்கலம் உருகும்வரைதான் அந்தச் சிரிப்பு. சுடர் பச்சையாக மாறியதும் பேச்சு நின்றுவிட்டது. உலைவாய் அடைப்பைத் தட்டி எடுத்தார்கள். அது தண்ணீர்போல வந்தது. நெருப்புதான், ஆனால் நெருப்புக்கு இல்லாத கனத்தோடு வந்தது. அண்டாவும் கவசமும் கண்ணாடியும் செத்துப்போன மகன்களும் எல்லாம் ஒன்றாகி, வெள்ளை வெளேரென்று வாய்க்காலில் ஓடி மண்ணுக்குள் இறங்கின. பூமிக்கடியில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. காற்றுக் குழாய்களில் நீலச் சுடர் எழுந்தது. பிறகு மேல்வாயில் வெண்கலம் தளும்பி நின்றது. 

மண்ணை உடைத்தபோது வந்தது ஒரு கரிக்கட்டைப் பூதம். அதைச் செதுக்கித் தேய்த்து, எர்கினோஸ் இடுப்பில் பொருத்தி, உதட்டுக்குச் செம்புத் தகடு வைத்து, கடைசியில் வெள்ளைக்கல்லும் கறுப்புக்கல்லும் பதித்த கண்களைச் செருகினார்கள். அந்தக் கண்கள் உள்ளே போய் உட்கார்ந்த நொடியில் பட்டறையே ஓரடி பின்வாங்கியது. அதுவரை அவர் தோளில் ஏறி உட்கார்ந்து அடை தின்றவர்கள்கூட! நிகாரெத்தா முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "கண்ண ஒட்டுனதே நாந்தான்" என்று எர்கினோஸ் முணுமுணுத்தான். ஆனால் அவனும் கிட்டே போகவில்லை.

இடது தோளுக்குக் கீழே ஒரு பட்டாணி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

"உன் வேலையா இது?"

"குமிழு நின்னிருக்கும். ஊருல எது ஓட்டையானாலும் நாந்தானா?" என்றாள் அவள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவன் முனகிக்கொண்டே கட்டம் செதுக்கி ஒட்டுப் போட்டான். நகம் தடுக்கவில்லை.

அப்புறம் வருஷங்கள் போயின. பெற்ற ஒரே மகளைப் பிலியூஸ் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு கோடைக் காய்ச்சலில் நிகாரெத்தா போய்ச் சேர்ந்தாள். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: உடம்பை மண்ணில் மூடி, மேலே கல்மேடை கட்டி, செத்தவர் பெயரை மட்டும் வெட்டுவோம். அப்பன் பெயரோ புருஷன் பெயரோ கிடையாது. 'நிகாரெத்தா, போய் வா.' அவ்வளவுதான்.

எர்கினோஸ் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு வந்த கஷ்டம் வேறு. கொஞ்ச காலத்தில் அவள் முகம் அவனுக்கு மறக்க ஆரம்பித்தது. குரல் இருந்தது, சிரித்தது, சண்டை போட்டது எல்லாம் இருந்தது, முகம் மட்டும் வரவில்லை. கை இருக்கிறது, மெழுகு இருக்கிறது, பிடித்துப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தான். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, விலகிப் பார்த்தால் அது அதீனா தேவி. கசக்கிவிட்டு மறுபடி பிடித்தால் மறுபடியும் அதீனா. ஆயுள் முழுக்கத் தெய்வ முகத்தையே பிடித்துப் பழகிய விரல்களுக்குத் தன் பெண்டாட்டியின் முகத்தைப் பிடிக்கத் தெரியவில்லை. மெழுகைச் சட்டியில் எறிந்துவிட்டான். அதற்கப்புறம்தான் சாமிகளைப் பற்றிய அவன் பேச்சில் விஷம் ஏறியது.

தாடி நரைத்த பிறகு ஒரு நாள், திராட்சை பிழியும் பருவத்தில், பூமி ஆடியது. எல்லோரும் வெளியே ஓடினோம். நிலநடுக்கத்தில் எங்கள் ஜனங்கள் அலறுவதில்லை. ஒருவர் பொசைடன் பேரில் பையான் என்னும் துதிப்பாட்டை எடுத்துக்கொடுப்பார், தெருத் தெருவாக ஊரே சேர்ந்துகொள்ளும். அன்றும் பாடினோம். பாட்டுக்கு நடுவில்தான் துறைமுகப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

போய்ப் பார்த்தால் கோவில் உத்தரம் ஒன்று விழுந்து கிடந்தது. பொசைடனின் இடுப்புக்குக் கீழே பீடத்தில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. இடுப்புக்கு மேலே தரையில் மல்லாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். உத்தரம் தோளில் இடித்து, இடுப்புப் பொருத்தோரம் உடம்பு கிழிந்துபோயிருந்தது.

"தானே ஆட்டி விட்டுட்டு தானே விழுந்துட்டாரே" என்றாள் மீன்கார தோரிஸ். யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு ஊர்த்தலைவராக இருந்தவர் அகத்தினோஸ். அவர் குறிசொல்பவரைக் கூட்டிவந்தார். இந்த உருவம் பொசைடனுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் தாமே தூக்கி எறிந்துவிட்டார், உருக்கிப் புதிதாக வார்க்க வேண்டும் என்று குறி வந்தது. புதுச் சிலையின் பீடத்தில் யார் பெயர் வெட்டப்படும் என்பதற்குக் குறி பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எத்தனை எடை வெண்கலம் தேறும் என்று உள்ளே பார்த்துச் சொல்ல எர்கினோஸை அனுப்பினார்கள்.

"மச்சான், உருக்கிடலாம்னே சொல்லிடு" என்று வழியெல்லாம் மிக்கியோன் காதைக் கடித்தான். "புதுச் சாமின்னா சாகுற வரைக்கும் நமக்கு அடுப்பு எரியும்."

"எனக்கென்ன மாப்ளே, இவரு என்ன எனக்குப் பெண்ணா குடுத்தாரு? உருக்கட்டும்" என்றான் எர்கினோஸ்.

கையில் ஒரு விளக்கையும் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு, சாமியின் இடுப்பு வழியாக உள்ளே ஊர்ந்தான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே பழைய மண் அப்பியிருந்தது. கனம் பார்க்க வேண்டுமென்றால் அதை எடுத்தாக வேண்டும். சுரண்டினான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. விளக்கு புகைந்து அணைந்துவிட்டது. பரவாயில்லை, விரலுக்கே தெரியும் என்று தடவினான். இடது தோளுக்குக் கீழே வெண்கலம் மெலிந்து, வழவழவென்று ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. அடுத்தது பாதியில் நின்றது. அதற்கடுத்து, கடைசியில், ஒரு சின்ன விரல்.

மறுபடி தடவினான். உள்ளங்கை. கட்டைவிரல். ஆட்காட்டி விரல், நடு விரல். பாதி மோதிர விரல்.

வழிக்கவே இல்லை அவள்.

மெழுகில் பதிந்த கை, மெழுகு ஓடிப்போன பின்னாலும் வெற்றிடத்தில் கையாகவே நின்றிருக்கிறது. நெருப்பு வந்து அதைத் தொட்டு வெண்கலமாக்கிவிட்டுப் போயிருக்கிறது. அத்தனை வருஷம் அது இந்த இருட்டுக்குள் சாமியின் முதுகைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அவன் வெளியே நின்று பொள்ளல் பொள்ளல் என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் தன் கையை அதன்மேல் வைத்தான். தெய்வத்தின் முன்னால் ஊர் ஜனம் நடுங்குவது எதனால் என்று முதல்முறையாக அவனுக்கு விளங்கியது. விளங்கியதோடு கூட, முகமும் வந்தது. நெற்றியில் மெழுகு ஒட்டிய, பொய் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்ட முகம்.

"மச்சான்! சாமி உன்ன முழுங்கிட்டாரா? கால இழுக்கட்டுமா?" என்று வெளியே மிக்கியோன் கத்தினான்.

வெளியே வந்தவன் முகமெல்லாம் மண்ணும் ஈரமுமாக இருந்தது. "தூசி" என்றான்.

மறுநாள் சந்தை வெளியில் ஊர் கூடியது. அகத்தினோஸ் கேட்டார்: "என்ன எர்கினோஸ், எவ்வளவு தேறும்?"

எர்கினோஸ் எழுந்து நின்றான். சாமியே இந்த உருவத்தை உதறிவிட்டார் என்று ஊர் நம்பும்வரை, உலையிலிருந்து அதைக் காப்பாற்ற முடியாது என்பது அவனுக்குத் தெரியும். சாமி உதறவில்லை என்றால் வேறு யாரோ தப்பு விட்டிருக்க வேண்டும். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"குறி தப்புங்க. சாமி தானா விழல. இடுப்புப் பொருத்து விட்டுப்போச்சு. அதப் போட்டவன் நான். அன்னிக்கு வெண்கலம் சூடு பத்தல, அவசரத்துல ஊத்திட்டேன். தப்பு என்மேல. அவரு மேல ஒரு கொறையும் இல்ல. நானே சரி பண்ணி நிறுத்துறேன். கூலி வேணாம், வயித்துக்கு மட்டும் போடுங்க."

மிக்கியோன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அந்தப் பொருத்து எவ்வளவு சுத்தமானது என்பது துருத்தி அமுக்கிய அவனுக்குத் தெரியும். கிழிந்தது பொருத்துக்குப் பக்கத்தில்தான், பொருத்து அப்படியே இருந்தது. பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்போ தாடி?"

அவ்வளவுதான். "தாடிய எடு! தாடிய எடு!" என்று ஊரே கைதட்டியது. நாற்பது வருஷமாக அவன் வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அன்று திருவிழா. நாவிதனைக் கூப்பிட்டு நடுச்சந்தையிலேயே உட்காரவைத்துச் சிரைத்தார்கள். எர்கினோஸ் அசையாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். சிரித்துத் தீர்த்த கூட்டத்துக்குக் கோபம் வடிந்துவிட்டது, பயமும் வடிந்துவிட்டது. வேலைக்காரன் தப்பு என்றால் சரிபண்ணிவிடலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அகத்தினோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

சாமியின் மேல்பாதி பட்டறைக்கு வந்தது. மிக்கியோன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மானத்தையும் வித்தாச்சு, பொழப்பையும் வித்தாச்சு. என்னாத்துக்குன்னு மட்டும் தெரியல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மத்தியானம் தொந்தியைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் தூங்கினான்.

ஊரே தூங்குகிற அந்த உச்சி வேளையில் எர்கினோஸ் உளியை எடுத்தான். பொருத்திவிட்டால் அப்புறம் அந்தக் கையை அவன் தொடவே முடியாது. கட்டம் கட்டி வெட்டி எடுப்பதும், அந்த இடத்தில் வேறு துண்டு வைத்து அடைப்பதும்தானே அவன் தொழில்? நகம்கூடத் தடுக்காது. எவனுக்குத் தெரியப்போகிறது? கோவில் சொத்தைத் திருடினவனுக்குச் சாவு. ஊர் மண்ணில் குழிகூடக் கிடையாது. அது அவனுக்கு நினைவு வந்தது, ஆனால் அதற்காக அவன் கை நிற்கவில்லை. முதுகில் பழைய ஒட்டைச் சுற்றிக் கோடு கிழித்தான். வெட்டும்போது அதிராமல் இருக்க, இடது கையை உள்ளே விட்டு அவள் கைமேல் அழுத்திப் பிடித்தான். வெளியே வலது கை.

இரண்டு கைக்கும் நடுவில் விரல் கனம்கூட இல்லாத வெண்கலம். அந்த வெண்கலத்துக்குள்ளே அவள் அழுத்துவது அவனுக்குத் தெரிந்தது. உள்ளிருந்து வெளியே, சாமியின் முதுகை, போ போ என்று தட்டிக்கொடுப்பதுபோல. இதை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன மிஞ்சும்? பரணில் ஒரு வெண்கலச் சில்லு. அவன் செத்த மறுநாள் எவனாவது அம்பு முனைக்கு உருக்குவான். இங்கே இருந்தால் அவள் வேலை செய்துகொண்டிருப்பாள். ஊர் கும்பிடுகிற ஒன்றை உள்ளே நின்று தாங்கிக்கொண்டிருப்பாள். எர்கினோஸ் உளியைக் கீழே வைத்துவிட்டு, கிழித்த கோட்டை நுரைக்கல்லால் தேய்த்துத் தேய்த்து அழித்தான்.

கிழிந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, இடுப்புக்குப் புதிதாக ஒரு பட்டை வார்க்க வேண்டியிருந்தது. மெழுகை அவனே அப்பினான். மிக்கியோன் உலைக்குக் கரி போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், இடது பக்கம் உன் கை அப்படியே பதிஞ்சிருக்கு பாரு. வழிச்சு விடவா?"

"இருக்கட்டும்."

"மெலிஞ்சா ஓட்டை விழும்யா."

"விழுந்தா ஒட்டுப் போட்டுக்குறேன். என் தொழில் என்ன?"

மிக்கியோன் அவனை ஒரு மாதிரி பார்த்தான். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று அவனுக்குப் பயமாக இருந்தது. எர்கினோஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், சாமியின் வயிற்றுக்குள் விட்டு, தோளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான்.

மிக்கியோன் விரல்கள் தடவின. பாதி விரலில் வந்து நின்றன. உலை முகமூடிக்குப் பதிலாக நிறுத்தலாம் என்று ஊர் கேலி பேசிய அந்த முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"அக்கா" என்றான்.

பிறகு மிக்கியோன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அன்னிக்கு வழிக்கச் சொல்லித் தெருவே கேக்கக் கத்துனியே மச்சான். வழிக்கலயா அவ?"

"என் பேச்ச என்னிக்கு அவ கேட்டா?"

அன்று மிக்கியோன் துருத்தி அமுக்கிய அமுக்கலில் உலை பச்சையும் நீலமுமாய்ச் சீறியது. பட்டை நன்றாக வந்தது. எங்கேயும் ஓட்டை விழவில்லை. பொருத்துக்கு வெண்கலம் ஊற்றும் முன்பு எர்கினோஸ் ஒருமுறை உள்ளே கையை விட்டு அவள் கையைத் தொட்டுவிட்டு வந்தான். அப்புறம் மூடினான்.

பொசைடன் மறுபடியும் பீடத்தில் நின்றார். ஊர் மாடு வெட்டியது, பாட்டுப் பாடியது. எல்லோரும் கையை உயர்த்தியபோது எர்கினோஸும் உயர்த்தினான். பக்கத்தில் நின்றவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கும்பல் கலைந்ததும் அவன் மட்டும் சிலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பொருத்தைச் சோதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

அவன் மொட்டை மோவாயோடு துறைமுகத் தெருவில் இறங்கி வரும்போது தோரிஸ் மீன் கூடைக்குப் பின்னாலிருந்து விடவில்லை.

"என்ன கெழவா, இந்தத் தடவையாவது நிக்குமா, இல்ல அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி விழுந்துடுவாரா? எடுக்கக்கூடத் தாடி இல்லையே உங்கிட்ட!"

"நிக்கும்மா" என்றான் எர்கினோஸ். "இப்ப உள்ளருந்து ரெண்டு பேரு பிடிச்சிருக்கோம்."

அவனையும் மிக்கியோனையும் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். இரண்டு மத்தி மீனை எடுத்து இலையில் சுற்றி, சுட்டுத் தின்னு என்று அவன் கையில் கொடுத்தாள்.